வெந்த துப்பாக்கியும் பழைய சேலையும்

பி.காம். படித்தவனை ஊர்க்காரர்கள் சும்மா விடுவதில்லை. கூட்டுறவு சொசைட்டி நோட்டீஸ் வந்தால் அவனைக் கூப்பிடு. பட்டாவில் இனிஷியல் தப்பாக விழுந்தால் அவனைக் கூப்பிடு. போனில் எவனோ ஓ.டி.பி. கேட்கிறானா, அதற்கும் அவனையே கூப்பிடு. டெபிட், கிரெடிட் என்று மூன்று வருஷம் படித்ததற்கு இத்தனை கிளைகள் உண்டு என்று கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால், தீபாவளி கழிந்த நாலாம் நாள் காலையில் மாமா போனில் கேட்டது எந்த சிலபஸ்ஸிலும் இல்லாத கேள்வி.

"மாப்ளே, வெந்துபோன துப்பாக்கியைப் பழையபடி ஆக்க முடியுமா?"

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாடிப்பட்டியைத் தாண்டி சிறுமலை அடிவாரத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார். நிலக்கடலை, கொஞ்சம் மக்காச்சோளம், ஒரு கிணறு, ஒரு மகன். தீபாவளி ராத்திரி பக்கத்துத் தெருவிலிருந்து கிளம்பிய ராக்கெட் ஒன்று வானத்துக்குப் போகாமல் மாமாவின் வைக்கோல் படப்புக்குப் போய்விட்டது. படப்பை ஒட்டி ஓர் ஓட்டு அறை. விதைக்கடலை மூட்டை, மருந்து அடிக்கிற ஸ்பிரேயர், மர அலமாரி, அலமாரிக்குள் தாத்தாவின் துப்பாக்கி. தோட்டாக்கள் நல்லவேளையாக வீட்டு பீரோவில் இருந்தன. இல்லையென்றால் அன்று ஊருக்கு இரண்டாவது தீபாவளி.

மறுநாள் சாம்பலைக் கிளறியபோது துப்பாக்கி கிடைத்தது. கட்டை முழுக்க எரிந்து, இரும்பு மட்டும் கறுப்பாக, மீன் சாப்பிட்டு வைத்த முள் மாதிரி. மாமா ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அங்கே நம்பரைச் சரிபார்த்துவிட்டு, "லைசென்ஸ் உள்ள கடையில காட்டுங்க. சரியாகாதுன்னா ஒப்படைச்சிருங்க" என்றார்களாம்.

ஒப்படைக்கிற வார்த்தை மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எனக்குப் போன்.

* * *

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1958-ல் தாத்தா ஒரு பழைய ஜமீன் குடும்பத்திடம் விலைக்கு வாங்கியது. .315 போர் ரைஃபிள். இரும்பில் பி.எஸ்.ஏ. என்று பொறித்திருக்கும். நாலாங்கிளாஸில் நான், "எங்க தாத்தா சைக்கிள் கம்பெனியில துப்பாக்கி வாங்கியிருக்காரு" என்று சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். குட்டியவருக்கும் விஷயம் தெரியாது. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கொல்லர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. துப்பாக்கிக்கு ஆர்டர் குறைந்தபோது மெஷின்கள் சும்மா கிடக்க வேண்டாமே என்று சைக்கிள் பக்கம் வந்தார்கள். அவர்களுடைய முத்திரையைப் பார்த்தால் மூன்று துப்பாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்.

புல்லட் ஓட்டும் நண்பர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். என்ஃபீல்டு என்பது லண்டனை ஒட்டிய ஊர். அங்கே பிரிட்டிஷ் சர்க்காரின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்குப் பாகங்கள் செய்துகொடுத்த ஒரு கம்பெனி அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தது. 'துப்பாக்கி போலச் செய்தது' என்று விளம்பரமும் கொடுத்தது. 1955-ல் அது சென்னைக்கு வந்தது. ஆக, சைக்கிளில் ஸ்கூலுக்குப் போய், புல்லட்டில் ஆபீஸ் போகிற மதுரைக்காரர் பலர் தெரியாமலே பாதி பட்டாளம்.

அதே என்ஃபீல்டு ஊரின் பெயரைத் தாங்கியதுதான் 1895-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு .303. நம்முடைய பழைய சினிமாக்களில் கான்ஸ்டபிள் தோளில் தொங்குமே, அது. இரண்டு உலக யுத்தம் பார்த்தது. கல்கத்தா பக்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் நம் ஊரிலேயே செய்தார்கள். 2008-ல் மும்பை ரயில் நிலையத்தில் தீவிரவாதிகளின் ஏ.கே. 47-க்கு எதிரே போலீஸ்காரர்கள் பிடித்திருந்ததும் அதுதான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் அதற்கு மாலை மரியாதையோடு ரிட்டயர்மென்ட் கொடுத்தது. சர்க்கார் வேலையில் இத்தனை சர்வீஸ் போட்ட ஆள் வேறு யாரும் கிடையாது.

தாத்தாவின் .315-க்கும் உடம்பு அதே லீ-என்ஃபீல்டு உடம்புதான். குழல்தான் வேறு. ஏன் வேறு என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

1857-ல் சிப்பாய்கள் எதிர்த்து நின்றதிலிருந்து வெள்ளைக்காரனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த துப்பாக்கியில் குழலின் உள்ளே இருக்கும் முறுக்கு வரிகளையே வழித்து எடுத்துவிட்டுக் கொடுத்தான். வரி இல்லாவிட்டால் குண்டு சுழலாது, தூரத்துக் குறி தப்பும். பின்னாளில் காவல் வேலைக்குக் கொடுத்த .303-களையும் வரியில்லாத, ஒற்றைத் தோட்டா போடுகிற .410 ஆக இஷாப்பூரில் மாற்றிக் கொடுத்தார்கள். 1907-ல் .450 அளவுக்கே இந்தியாவில் தடை போட்டார்கள். யானை வேட்டைக்கு வந்த துரைமார்களுக்காக இங்கிலாந்துக் கம்பெனிகள் அவசரம் அவசரமாக .470, .465 என்று புது அளவுகள் கண்டுபிடிக்க வேண்டி வந்தது.

கணக்கு சுலபம். பட்டாளத்துத் தோட்டா பொதுஜனத்தின் துப்பாக்கியில் நுழையக் கூடாது. நுழைந்தால் திருட்டுத் தோட்டாவுக்கு மார்க்கெட் வந்துவிடும். ஆகவே ஜமீன்தாருக்கும் தோட்ட முதலாளிக்கும் .303 கிடையாது. அதே உடம்பில், ஒரு காலத்தில் ஆஸ்திரியப் பட்டாளம் வைத்திருந்த தோட்டாவுக்குத் தகுந்த குழலை மாட்டி, முனைவரை நீளும் கட்டையைச் சுருக்கி, '.315 வேட்டைத் துப்பாக்கி' என்று விற்றார்கள். ரிட்டயர் ஆன ஹவில்தார் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்ட மாதிரி. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் போனான், அவன் போட்ட கணக்கு போகவில்லை. .303 இன்றைக்கும் தனியாருக்குத் தடை. இஷாப்பூரும் .315-தான் விற்றது.

தாத்தா அதை வைத்துப் பன்றி சுட்டிருக்கிறார். போட்டோ இருக்கிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அதற்கு வேட்டை கிடையாது. மாமா காலத்தில் அது வீட்டில் இருந்ததைவிட ஸ்டேஷனில் இருந்ததே அதிகம். பார்லிமென்ட் எலெக்ஷன் வந்தால் ஒப்படைக்கணும். அசெம்பிளி எலெக்ஷன் வந்தால் ஒப்படைக்கணும். நம் நாட்டில் எலெக்ஷன் இல்லாத வருஷம் ஏது?

* * *

லைசென்ஸ் புத்தகத்தை பனியனுக்குள் வைத்துக்கொண்டு, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாமா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். கண்டக்டர் "என்னய்யா அது, மண்வெட்டியா?" என்று கேட்டாராம். "ஆமா, வெந்தது" என்றாராம் மாமா. லக்கேஜ் போடவில்லை.

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடை. வெளியே போர்டு சின்னது, உள்ளே பூட்டு பெரியது. கடைக்காரர் எழுபதை நெருங்கியவர். சாக்கைப் பிரித்ததும் "த்சொ" என்றார், சாவு வீட்டில் சொல்வதுபோல. முதலில் லைசென்ஸைப் பார்த்தார். பிறகு, பின்னால் தோட்டாவைத் தாங்கிப் பிடிக்கிற போல்ட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்து விரலால் அமுக்கினார். அமுங்கிய ஸ்பிரிங் அப்படியே நின்றுவிட்டது, திரும்பி எழும்பவில்லை.

அடுத்து டிராயரிலிருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்தார். போல்ட்டின் பூட்டு முளையில் மெதுவாக ஒரு இழு இழுத்தார். வெள்ளிக் கோடு விழுந்தது.

"பாத்தீங்களா? அரம் கடிக்குது. கடிக்கக் கூடாது. கண்ணாடி மேல இழுத்த மாதிரி வழுக்கணும்."

"கட்டை போட்டு, பாலீஷ் பண்ணி, நீலச்சாயம் ஏத்திட்டா?" என்றார் மாமா.

"தாராளமா பண்ணலாம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கும். அதனாலதான் பண்ண மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த ரகத் துப்பாக்கியில் விசையைத் தட்டியதும் தோட்டாவுக்குள் சதுர அங்குலத்துக்கு 40 ஆயிரம் பவுண்டு அளவில் அழுத்தம் எழும். உங்கள் பைக் டயரில் 30 பவுண்டு. அதாவது ஆயிரம் டயருக்கு மேல் ஒரே நேரத்தில் வெடிக்கிற அழுத்தத்தை, பெருவிரல் தடிமனில் ஓர் இரும்பு தாங்கிப் பிடிக்கிறது. அந்த இரும்புக்கும் சுடுகிறவன் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண்.

"பிறந்தப்போ இதுக்கு டெஸ்ட் வச்சிருக்கான்" என்று குழலின் அடியில் இருந்த ஒரு சின்ன முத்திரையைக் காட்டினார். துப்பாக்கி செய்து முடித்ததும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்ட தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை அடிப்பார்கள். லண்டனிலும், பர்மிங்ஹாமில் 1813 முதலும் இதற்கென்றே தனி வீடு இருக்கிறது. நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி, ஆனால் ஏமாற்ற முடியாதது. "அந்த முத்திரை தீக்கு முந்தின துப்பாக்கிக்கு. தீக்குப் பிந்தினதுக்கு யார் கேரண்டி?"

மாமா எதுவும் பேசாமல் சாக்கைச் சுற்றினார். கடைக்காரர் காசு வாங்கவில்லை.

* * *

வெளியே வந்து ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் மாமா உண்மையைச் சொன்னார்.

பிரச்சினை தாத்தாவின் ஞாபகார்த்தம் மட்டும் இல்லை. பன்றி. இரண்டு வருஷமாகக் கடலையைத் தோண்டித் தின்கின்றன. ராத்திரி இருபது, முப்பது என்று குடும்பத்தோடு வருகின்றனவாம். காலையில் போய்ப் பார்த்தால் டிராக்டர் ஓட்டிய மாதிரி கிடக்குமாம். போன வருஷம் போட்ட முதலில் பாதிகூடத் திரும்பவில்லை. நகை அடகில் இருக்கிறது. விதைக்கடலை தீயில் போச்சு.

"சுடறதுக்கு இல்ல மாப்ளே. சத்தத்துக்கு. மேல பாத்து ஒரே ஒரு வெடி. நாலு நாளைக்கு வராதுக."

மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் அந்த 40 ஆயிரம் பவுண்டு ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பதிலாக எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன்.

பன்றிக்கு இப்போது நம் மாநிலத்தில் ஒரு டேப் வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விடணும். மூன்றுக்கு அப்பால் வந்து அட்டகாசம் செய்தால் சுடலாம். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். கேரளாவில் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் வைத்திருப்பவரைக் கொண்டு சுட வழி செய்தார்கள். இங்கே அப்படி இல்லை.

"நம்ம நிலம் எத்தனை கிலோமீட்டர் மாமா?"

"ரெண்டரை."

"அப்ப பிடிச்சுக் கொண்டுபோய் விடணும்."

"யாரு? பன்றிய? வண்டியில ஏத்தியா?" என்றார். ஜிகர்தண்டா கடைப் பையன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு திடீரென்று முகம் தெளிந்தது. "மாப்ளே, அந்தக் கடைக்காரருக்கு இரும்பு தெரியாது. பதம் போச்சுன்னா பதம் போட்டாப் போச்சு. திருப்பாச்சேத்திக்கு விடு."

* * *

மானாமதுரை ரோட்டில் போனால் திருப்பாச்சேத்தி. தமிழ்நாட்டுக்கே அருவாள் கொடுத்த ஊர். சினிமா அந்த ஊரின் பெயரைக் கெடுத்தது. அங்கே அடிக்கிற பெரும்பாலான அருவாள் இளநீர் சீவவும் விறகு வெட்டவும்தான் போகிறது.

துப்பாக்கியைக் கடைக்காரர் சொன்னபடி மாமா வீட்டில் பூட்டிவிட்டு வந்திருந்தார். அதை லைசென்ஸ் இல்லாத பட்டறையில் கொடுத்து ரிப்பேர் பண்ணுவது ஆயுதச் சட்டப்படி குற்றம். ரிப்பேர், மாற்றி அமைப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாமே லைசென்ஸ் உள்ளவர் வேலை. அதனால் கையில் ஒன்றுமில்லாமல் யோசனை கேட்க மட்டும் போனோம்.

பட்டறை இருட்டாக இருந்தது. பட்டப்பகலில் ஓலைத் தட்டி போட்டு வெயிலை அடைத்திருந்தார்கள். உலைக்கு முன்னால் ஒரு பெரிய ஆசாரி. மாமா விஷயத்தைச் சொன்னதும், "துப்பாக்கியத் தொட மாட்டேன். எங்கப்பாவும் தொட்டதில்ல" என்றார் முதல் வார்த்தையாக.

"தொட வேணாம் ஆசாரி. வெந்த இரும்புக்குத் திரும்பத் தோய்ச்சல் போட முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

ஆசாரி உலையிலிருந்து ஓர் அருவாள் துண்டை எடுத்தார். செக்கச் சிவந்து இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் முனையை மட்டும் விட்டு எடுத்தார். உஸ்ஸென்று ஆவி. கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, "இப்ப பாருங்க தம்பி" என்று என் பக்கம் நீட்டினார். பின்பக்கம் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூடு மெதுவாக முனைக்கு ஏற ஏற, வெள்ளை இரும்பில் நிறம் ஓடியது. முதலில் வைக்கோல் மஞ்சள். பிறகு வெல்லத்தின் நிறம். பிறகு கத்திரிப்பூ. அந்த இடத்தில் படக்கென்று மறுபடி தண்ணீரில் விட்டார்.

"இதான் பதம். மஞ்சள்ல நிறுத்துனா ஒடியும். நீலத்தத் தாண்ட விட்டா மடங்கும். உங்க துப்பாக்கி எதுல நின்னுச்சுன்னு யாரு பாத்தா?"

நிறங்களுக்குக் கணக்கு உண்டு. மஞ்சள் என்றால் 220 டிகிரி பக்கம், நீலம் என்றால் 300 பக்கம். வைக்கோலும் மர அலமாரியும் சேர்ந்து எரிகிற அறைக்குள் 600, 700 டிகிரி சாதாரணம். இரும்பு எல்லா நிறத்தையும் தாண்டிப் போய், தானாக ஆறி, சுடுகாட்டுச் சாம்பலில் கிடந்து எழுந்திருக்கிறது.

"எதுக்கு இப்படி இருட்டுல வேலை செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"வெயில்ல இரும்பு பொய் சொல்லும் தம்பி. நல்லாக் காஞ்ச இரும்பும் காயாத மாதிரித் தெரியும். இன்னும் போடுன்னு தோணும். கருகிரும்."

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஆசாரி சொன்ன அதே பாடத்தை அமெரிக்க ராணுவம் பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1917-ல் முதல் உலக யுத்தத்துக்காக அவசரமாகத் தயாரான ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் சில, சுடும்போது பின்பக்கமாகச் சிதறின. என்ன காரணம் என்று தோண்டினால், தொழிற்சாலையில் அனுபவசாலிகள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைத் தீர்மானித்து வந்திருக்கிறார்கள். வெப்பமானி வைத்து அளந்தபோது, மேகமூட்டமான நாளில் 'சரி' என்று தெரிந்த நிறத்துக்கும், பளீரென்று வெயில் அடிக்கிற நாளில் 'சரி' என்று தெரிந்த நிறத்துக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம். வெயில் நாளில் பிறந்த துப்பாக்கிகள் கருகிப் பிறந்திருந்தன. திருப்பாச்சேத்தியில் ஓர் ஓலைத் தட்டி வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

1918-ல் முறையை மாற்றினார்கள். ஆனால் ஏற்கெனவே செய்து முடித்த லட்சக்கணக்கான துப்பாக்கிகளை என்ன செய்வது? மாமா கேட்ட அதே கேள்வியை அவர்களும் கேட்டார்கள்: திரும்பப் பதம் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தார்கள். நம்பிக்கை வரவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தவற்றில் 8 லட்சத்துக்குக் கீழ் நம்பர் உள்ளவற்றை ஒதுக்கிவிட முடிவு செய்தார்கள். ஒவ்வொன்றும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எது நல்லது, எது கருகியது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அதுதான் சிக்கலே.

* * *

மாமா இதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. "ஒரு வெடிக்குத் தாங்காதா ஆசாரி? ஒரே ஒரு வெடி" என்று பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆசாரி மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலிலிருந்து ஓர் அருவாளை எடுத்தார். எவர் வீட்டிலோ தீப்பிடித்து வெந்து, பழைய விலைக்கு வந்ததாம். துடைத்து, கல்லில் தீட்டி, மாமாவிடம் கொடுத்தார். பளபளவென்று, புதுசுக்குச் சமமாக இருந்தது. வாசலில் கிடந்த வேலிக்கருவேலங் கட்டையைக் காட்டி, "வெட்டுங்க" என்றார்.

மாமா வெட்டினார். அருவாள் கட்டையில் பதிந்தது. எடுத்துப் பார்த்தால், வாய் வெற்றிலை மாதிரி மடிந்திருந்தது.

ஆசாரி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்:

"யாரு சுடப் போறது? உங்களுக்குத்தான் கண்ணுல பொரை விழுந்திருக்கே."

மாமா பதில் சொல்லவில்லை.

"பையனா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். பத்தொன்பது வயது. லைசென்ஸ் அவன் பேரில் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரிக் காவலுக்கு வரப்பில் படுக்கிறவன் அவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எந்தக் கண்ணு வச்சுக் குறி பார்ப்பான்? வலதா, இடதா?"

அவ்வளவுதான் கேட்டார். உலையைத் திருப்பி ஊத ஆரம்பித்துவிட்டார்.

மாட்டுத்தாவணி வரும்வரை மாமா பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. சிலைமான் தாண்டும்போது மட்டும் மடிந்த அந்த அருவாளைப் பையிலிருந்து எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். ஆசாரியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

* * *

அடுத்த வாரம் துப்பாக்கியை ஒப்படைத்தோம். மனு நான்தான் எழுதினேன். பி.காம். என்றால் இதற்காவது உதவ வேண்டாமா? 'தீ விபத்தில் பழுதடைந்து, பயன்பாட்டுக்குத் தகுதியற்றது' என்று எழுதி, பதிவு எண், தயாரிப்பு, போர் அளவு எல்லாம் குறித்துக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டவர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கட்டை போட்டாப் போதுமே சார், நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"இல்ல சார். அரம் கடிக்குது" என்றார் மாமா.

வெளியே வந்து ரசீதை நாலாக மடித்து, லைசென்ஸ் புத்தகம் இருந்த அதே பனியனுக்குள் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. பொரை விழுந்த கண், அடிக்கடி தண்ணீர் வரும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கி போயிற்று, பன்றி போகவில்லை. வனத்துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம், பயிர்ச்சேதத்துக்கு நிவாரணம் கேட்டும் கொடுத்திருக்கிறோம். அவை நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரைக்கும் மதுரைச் சீமை முழுக்க விவசாயிகள் செய்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறது. நீங்களே பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். வயலைச் சுற்றிக் குச்சி நட்டு, பழைய சேலையை வேலியாகக் கட்டிவிடுவார்கள். காற்றில் சேலை அசைந்தால் ஆள் நடமாட்டம் என்று பன்றி தயங்குமாம். ஆள் வாசனையும் அடிக்குமாம்.

நாலு ஏக்கருக்குச் சுற்றளவு எவ்வளவு என்று மாமா கேட்டார். சதுரமாக வைத்துக்கொண்டால் ஐந்நூறு மீட்டருக்கு மேல் வரும். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். வகுத்துச் சொன்னேன். கிட்டத்தட்ட நூறு சேலை. வாழ்க்கையில் முதல் முறையாக என் படிப்பு விவசாயத்துக்குப் பயன்பட்டது.

அத்தை தன் பங்குக்கு முப்பது கொடுத்துவிட்டாள். அதில் ஒன்று கல்யாணத்து மறுநாள் கட்டியதாம். மாமா அதை மட்டும் எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டாராம். "அத வேலியில கட்டுனா பன்றி வராது, உங்க அத்தை வந்துருவா" என்று என்னிடம் காரணம் சொன்னார்.

நேற்றுக் காலை மறுபடி போன். பதினெட்டு நாளாகக் கடலைக்குச் சேதமில்லையாம். வடக்கு மூலையில்தான் சேலை பத்தவில்லை, அங்கே மட்டும் ஒரு குட்டி புகுந்து பார்த்திருக்கிறது. பையன் வரப்பில் படுக்கிறானா என்று கேட்டேன். இல்லை, பரீட்சைக்குப் படிக்கிறான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ளே... உன் சம்சாரத்துக்கிட்ட பழைய சேலை இருக்குமா? கேட்டுப் பாரேன். பட்டு வேணாம்."

கேட்கவேண்டும். என் வீட்டில் எந்தச் சேலை பழையது என்பதை நான் சொல்வதா? வெந்த துப்பாக்கியைச் சுடுவதற்கும் அதற்கும் ரொம்ப வித்தியாசமில்லை.